முழுகாமல் இருப்பவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் பெண்கள் ஏராளம். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, கூட்டுறவு வங்கி, நகைக்கடன் கொடுக்கும் நிறுவனம், இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கு அறை, ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடம் என்று எங்கே போனாலும் திரைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் இளம் பெண் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்குக் கல்யாணமாகி, நாள் தள்ளிப்போன செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும் காதில் விழும் முதல் புத்திமதிகளில் ஒன்று இது: "இனிமே அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி முன்னாடி உக்காராத தாயி. கதிர் வயித்துல பாயும்."

இதைக் கேட்டு வேலையை விட்டவர்கள் உண்டு. விட முடியாமல் ஒன்பது மாதமும் பயந்துகொண்டே வேலைக்குப் போய் வந்தவர்களும் உண்டு. இரண்டுமே சின்ன இழப்பு இல்லை. கடலை நம்பிய வீட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டால் மாதக்கணக்கில் வருமானம் நின்றுபோகும். அப்படிப்பட்ட வீட்டில் மாதம் பிறந்தால் நிச்சயமாகக் கைக்கு வரும் பணம் அந்தப் பெண்ணின் சம்பளம்தான். அதை ஒரு பயத்துக்காக விட்டுக்கொடுப்பதென்றால், பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தீர விசாரிப்பதுதான் நியாயம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். உட்காரலாம். இன்றைய கம்ப்யூட்டர் திரையிலிருந்து கருவைப் பாதிக்கும் எதுவும் வெளியே வருவதில்லை. ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் முறையில், அந்தக் கடையின் வெக்கையில், அங்கே இல்லாத கழிப்பறையில், குடிக்காமல் விட்ட தண்ணீரில் உண்மையான ஆபத்துகள் இருக்கின்றன. நம் வீடுகளில் கதிரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பயம் எங்கிருந்து வந்தது

இது நம் ஊரில் முளைத்த பயம் இல்லை. படித்தவர்கள் நிறைந்த, வசதியான நாடுகளில், பத்திரிகை அலுவலகங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் பிறந்த பயம்.

கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் 1979-80-ல் திரை முன்னால் வேலை செய்த கர்ப்பிணிகள் 7 பேரில் 4 பேருக்குக் குறைபாட்டுடன் குழந்தை பிறந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் வேறு சில அலுவலகங்களிலும், ஒரே அறையில் வேலை செய்த பெண்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்த செய்திகள் வந்தன. அந்த அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் திரை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் புதிதாக ஒரு பொருள், அதன் பிறகு ஒரு துயரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க எந்தத் தாயாலும் முடியாது. அவர்கள் பயந்ததில் தவறே இல்லை.

ஆனால் அந்தச் சம்பவங்களை உற்றுப் பார்த்த மருத்துவர்களுக்கு ஒன்று உறுத்தியது. டொரான்டோ குழந்தைகளுக்கு இருந்த குறைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒரு நச்சுப் பொருளோ கிருமியோ கருவைத் தாக்கினால் பெரும்பாலும் ஒரே மாதிரியான தடத்தை விட்டுச் செல்லும். தாலிடோமைடு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கை கால்கள் வளராமல் போயின. கர்ப்பத்தில் ரூபெல்லா அம்மை வந்தால் கண், காது, இதயம் என்று குறிப்பிட்ட உறுப்புகள் பாதிக்கப்படும். டொரான்டோவில் அப்படி ஒரு தடம் இல்லை.

அடுத்தது கணக்கு. உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. இது எல்லா நாட்டிலும், எல்லா வேலையிலும், வீட்டிலேயே இருப்பவர்களிடமும் உள்ள நிலை. ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் கருத்தரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நூறு அலுவலகங்களை எடுத்தால், அவற்றில் ஐந்தில் நான்கு பேருக்கோ அதற்கு மேலோ கரு கலைந்திருக்கும். யாரும் எந்தக் கெடுதலும் செய்யாமல், வெறும் தற்செயலாகவே இது நடக்கும். 1980-களில் வட அமெரிக்காவில் திரை வைத்த அலுவலகங்கள் பல்லாயிரம். அந்த ஐந்து விழுக்காட்டுக்குள் வந்த அலுவலகங்கள்தான் செய்தியாயின. மீதி 95 விழுக்காட்டைப் பற்றி எழுத எந்தப் பத்திரிகைக்கும் காரணம் இருக்கவில்லை.

கணக்கு மட்டும் போதாது என்று பெரிய ஆய்வுகள் தொடங்கின. வட கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தில் 1,583 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 1988-ல் வெளியானது. முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் திரை முன்னால் இருந்தவர்களுக்குக் கரு கலைவது கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. உலகம் முழுக்கப் பயம் பரவியது இதற்குப் பிறகுதான். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது, அது அவ்வளவாகப் பரவவில்லை. எழுத்தர் வேலை பார்த்த பெண்களிடம்தான் அந்தக் கூடுதல் தெரிந்தது. அதே அளவு நேரம் திரை முன்னால் இருந்த மேலாளர்களிடமும் உயர் பணியாளர்களிடமும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஏதோ வருகிறது என்றால் அது பதவி பார்த்தா வரும்? எழுத்தர்களுக்கு இருந்த வேலை நெருக்கடி காரணமாக இருக்கலாம், கருவை இழந்தவர்கள் வேலை நேரத்தைக் கூடுதலாக நினைவுகூர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

கேள்வியை ஏறக்குறைய முடித்துவைத்தது 1991-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் செய்தது. தென்கிழக்கு மாநிலங்களின் தொலைபேசி ஆபரேட்டர்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மிக நல்ல தேர்வு அது. ஒரு குழுவினர் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் திரை பார்த்து, கேட்பவர்களுக்குத் தொலைபேசி எண் தேடிச் சொல்பவர்கள். இன்னொரு குழுவினர் அதே மாதிரி உட்கார்ந்து, அதே மாதிரி பேசி, அதே மாதிரி அவசரத்தில் வேலை பார்ப்பவர்கள். ஆனால் அவர்கள் முன்னால் பழைய டிவி மாதிரியான படக்குழாய்த் திரை இல்லை. வேலை ஒன்றே, பெட்டி மட்டும் வேறு. 1983 முதல் 1986 வரை 730 பெண்களுக்கு உண்டான 876 கர்ப்பங்களைக் கணக்கெடுத்தார்கள். திரை பார்த்தவர்களில் 14.8 விழுக்காடு கரு கலைந்திருந்தது. திரை பார்க்காதவர்களில் 15.9 விழுக்காடு. எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று பிரித்துப் பார்த்தும் வேறுபாடு இல்லை.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஆய்வும் ஒன்று உண்டு. 1992-ல் பின்லாந்தில், திரை முன்னால் இருப்பதால் மட்டும் கரு கலைவது கூடவில்லை என்று கண்டவர்கள், மிகக் கூடுதலான காந்தப்புலத்தை வெளிவிட்ட சில பழைய மாடல் திரைகளுடன் வேலை செய்தவர்களிடம் ஆபத்து அதிகமாகத் தெரிந்ததாக எழுதினார்கள். ஸ்வீடன் முன்பே காந்தப்புலத்துக்குக் கடுமையான அளவுகளை விதித்திருந்தது. உலகெங்கும் திரை செய்பவர்கள் அந்த அளவுக்குள் வந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வகைத் திரைகளே சந்தையிலிருந்து போய்விட்டன.

பெட்டிக்குள் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது

பின்பக்கம் பெருத்த பழைய டிவியும் பழைய கம்ப்யூட்டர் திரையும் ஒரே தொழில்நுட்பம். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய். அதன் கழுத்தில் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சும் கருவி. இருபது, இருபத்தைந்தாயிரம் வோல்ட் அழுத்தத்தில் அந்த எலெக்ட்ரான்கள் முன்பக்கத் திரையில் மோதும்போது ஒளி வரும், மிக மெலிதாக எக்ஸ்ரேயும் உண்டாகும். அந்த எக்ஸ்ரேயைத் தடுப்பதற்காகவே முன்பக்கக் கண்ணாடியைக் கனமாகவும் உலோகக் கலப்போடும் செய்தார்கள். வெளியே அளந்தவர்களுக்கு, இயற்கையில் எப்போதும் இருக்கும் அளவைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. எலெக்ட்ரான் கற்றையை வளைக்கக் கம்பிச் சுருள்கள் இருந்தன. பின்லாந்து ஆய்வு பேசிய காந்தப்புலம் அவற்றிலிருந்து வந்தது.

இன்று மேசையில் இருக்கும் தட்டைத் திரையில் அந்தக் குழாயும் இல்லை, இருபதாயிரம் வோல்ட்டும் இல்லை, சுருளும் இல்லை. எல்.இ.டி. விளக்கு ஒன்று பின்னாலிருந்து எரிகிறது. எக்ஸ்ரே உண்டாவதற்கு வழியே கிடையாது. காந்தப்புலமும், உலக சுகாதார நிறுவனம் தரும் அளவுப்படி, கம்ப்யூட்டரிலிருந்து ஓர் அடி தூரத்தில் 0.01 மைக்ரோடெஸ்லாவுக்கும் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) குறைவு. வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலத்தில் பொதுமக்களுக்குப் பாதுகாப்பானது என்று சர்வதேச வல்லுநர் குழு 2010-ல் வகுத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. தலைமுடி உலர்த்தும் கருவியைத் தலையோடு ஒட்டிப் பிடிக்கும்போது கிடைக்கும் காந்தப்புலம் திரையுடையதைவிடப் பல நூறு மடங்கு.

கரு உருவாகும் காலத்தில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய கதிர் உண்டு. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் ஆகியவை அணுக்களின் எலெக்ட்ரான்களைப் பிடுங்கி மரபுப் பொருளை உடைக்கும் ஆற்றல் உள்ளவை. அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கும் முன் "நாள் தள்ளியிருக்கா?" என்று கேட்கிறார்கள். திரையின் ஒளிக்கும், வைஃபைக்கும், செல்போன் அலைக்கும் அந்த ஆற்றல் கிடையாது. கர்ப்பத்தில் வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் வெறும் ஒலி அலை, அதில் எந்தக் கதிரும் இல்லை. ஆகவே, வயிற்றில் கட்டிக்கொள்ளும் 'கதிர் தடுப்பு' உடைக்கும், திரையில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்துக்குக் கடலைமிட்டாயும் முட்டையும் வாங்கலாம். மடிக்கணினியை மட்டும் மடியில் வைக்காமல் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அது சூடு தரும், குனிய வைக்கும்.

தலைவலியைத் திரையின் தலையில் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கெடுதல் என்ற நம்பிக்கை ஒரு வகையில் நேரடியாகவே உயிருக்கு ஆபத்தாக முடியும். ஆறாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்குத் தலை வலிக்கிறது, கண் மங்குகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "நாள் பூரா அதையே பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" தைலம் தடவிப் படுக்க வைப்பார்கள். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு வரும் விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது, பார்வை மங்குவது, நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவை கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றுவதன் அறிகுறிகள். பிரஷர் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. பிரஷர் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. துணை சுகாதார நிலையத்தில் காசும் இல்லை.

நம் கடற்கரைக்கு இது கூடுதலாகப் பொருந்தக் காரணம் இருக்கிறது. வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரத்தில், குல்னா மாவட்டத்தின் தாகோப் பகுதியில், நிலத்தடி நீரும் குளத்து நீரும் உப்பாகிப்போன ஊர்களில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். உப்பு கூடிய தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்பு கூடுதலாக இருந்தது. மழையில்லாத மாதங்களில் அது இன்னும் கூடியது. 2011-லும் 2014-லும் வெளியான ஆய்வுகள் இவை. உப்புத் தண்ணீர் என்றால் என்ன என்று நம் பகுதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வடகடல் (பாக் நீரிணை) பக்கமும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் போர் போட்டால் பல ஊர்களில் வருவது உவர்நீர்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம், அல்லது கிடைத்ததைக் குடிக்கிறோம். வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால், நல்ல தண்ணீர்க் குடம் முதலில் அவருக்கு என்று வைத்துவிட வேண்டும்.

களைப்பும் இதே கதைதான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, மத்தியானத்துக்கு மேல் உடம்பு சாய்வது, நெஞ்சு படபடப்பது எல்லாம் ரத்தம் குறைந்ததால் இருக்கலாம். கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும்.

திரையால் கண்ணுக்கு வரும் சிரமம் வேறு வகை. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்குப் பாதியாகக் குறைகிறது, கண் காய்கிறது, எரிகிறது. கர்ப்பத்தில் கருவிழியில் நீர் கோத்துக்கொள்வதால் கண்ணாடிப் பவர் சற்று மாறவும் செய்யும். அது பிள்ளை பெற்ற சில வாரங்களில் பழைய நிலைக்கு வரும், அதற்குள் புதுக் கண்ணாடி போட்டுச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் பார்வை மங்கினால் முதலில் பிரஷர், பிறகுதான் கண்ணாடிக் கடை.

கழிப்பறை இல்லாத கடை

இப்போது, யாரும் எழுதக் கூச்சப்படும் ஒன்று. ராமநாதபுரம் பஜார், கீழக்கரை கடைத்தெரு, ராமேஸ்வரம் ரதவீதி என்று எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். ஷட்டர் போட்ட சின்னக் கடை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், பிளாஸ்டிக் நாற்காலி. கழிப்பறை இருக்காது. காலை ஒன்பதரைக்கு வந்த பெண் மாலை ஆறு ஏழுக்குத்தான் வீடு திரும்புவார். அதனால் என்ன செய்கிறார்? தண்ணீரே குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பழகிய பழக்கம் அது. அங்கேயும் இதே காரணம்தான்.

கர்ப்பத்தில் இது சாதாரணப் பழக்கமாக இருக்க முடியாது. புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரப்பு கூடுவதால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது. சிறுநீர் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. பல பெண்களுக்கு எரிச்சலோ காய்ச்சலோ எதுவுமே தெரியாமல் தொற்று இருக்கும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை வைக்கிறார்கள். கவனிக்காவிட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறும், குளிர்காய்ச்சல் வரும், குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடவும் செய்யும். திரை முன்னால் உட்காரும் கர்ப்பிணிக்கு உண்மையில் ஏதாவது நேர்கிறது என்றால், அது இந்த வழியாக நேர்வதற்கே வாய்ப்பு அதிகம்.

துணை சுகாதார நிலையத் திண்ணையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இப்படிப் போகும். மாமியார் கேட்பார்: "ஏன் நர்சம்மா, அந்தக் கதிரு வயித்துப் புள்ளைய ஒண்ணும் பண்ணாதா?" நர்ஸ் சொல்வார்: "பெட்டி ஒண்ணும் செய்யாது பெரியம்மா. காலையில போனவ சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு இருக்கா பாருங்க, அதக் கேளுங்க மொதல்ல." அந்த நர்ஸின் வார்த்தையை ஒவ்வொரு கடை முதலாளியும் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டோடோ, எதிரே இருக்கும் மண்டபத்தோடோ, வங்கியோடோ பேசி ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை. பேச வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் தானாகப் போய் ஊராரிடம் கேட்டு நிற்கக் கூடாது.

வெக்கை

2024-ல் தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றியே ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையில், 2017-ல் தொடங்கி, வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்தது. கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உப்பளம், செங்கல் சூளை, வயல் என்று திறந்த வெளியில் வேலை செய்தவர்கள் அதில் நிறையப் பேர்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் பெண்ணும், மண்டபம், பாம்பன் பக்கம் மணிக்கணக்காகக் கடலில் நின்று பாசி எடுக்கும் பெண்ணும், மணலில் கருவாடு காயப்போடும் பெண்ணும் இந்த ஆய்வின் நேரடிப் பொருள். அவர்களைப் பற்றித்தான் ஊர் அதிகம் கவலைப்பட வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பயந்து கடை வேலையை விட்ட ஒரு பெண், பணம் போதாமல் ஐந்தாம் மாதத்தில் கருவாட்டுக் களத்துக்குப் போனால், இல்லாத ஆபத்திலிருந்து தப்பி இருக்கும் ஆபத்துக்குள் போயிருக்கிறார். இப்படி நடப்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நிழலில் இருப்பதால் மட்டும் கடைக்காரப் பெண் தப்பித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடைகள் சித்திரை வைகாசியில் கொதிக்கும். கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. கரண்ட் போனால் யு.பி.எஸ். கம்ப்யூட்டரை ஓட வைக்கும், ஃபேன் நின்றுவிடும். ஃபேனையும் அந்த பேட்டரியில் இணைக்கச் சொல்லுங்கள். கூரைக்குக் கீழே ஓலைத் தட்டி அடித்தாலே வெக்கை கொஞ்சம் தணியும்.

உட்காரும் முறை

நாற்காலி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கால் தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் கீழே ஒரு பலகையோ பேப்பர் கட்டோ போதும். திரையின் மேல் விளிம்பு கண் உயரத்துக்கு இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வர வேண்டும். இதை முதலாளியும் வரிசையில் நிற்பவர்களும் சகித்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதிச் சான்றிதழ் இரண்டு நிமிடம் தாமதமானால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

அசையாமல் உட்காருவதன் பெரிய ஆபத்து காலில் இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்ற நாளைவிட நான்கைந்து மடங்கு. இரண்டு காலும் மாலையில் லேசாக வீங்கினால் அது பெரும்பாலும் இயல்பு. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரல் மரத்துப்போவதும் இரவில் கை குத்துவதும் கடைசி மூன்று மாதத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு நிறைய வரும். மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துவதால் வருவது அது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்க்கரைக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கடையில் லீவு கிடைக்காது என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். தள்ளிப்போடக் கூடாத ஒன்று இது.

இரவு வேலை தனி விஷயம். டென்மார்க்கில் 2019-ல் வெளியான பெரிய ஆய்வில், எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப் பணி பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கரு கலையும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஆஸ்பத்திரியிலும் ஐஸ் பிளான்டிலும் நண்டுக் கம்பெனியிலும் இரவில் வேலை பார்ப்பவர்கள் முதல் மூன்று மாதத்திலேயே மேலதிகாரியிடம் சொல்லிப் பகலுக்கு மாற்றிக் கேட்பது நல்லது.

கலைந்த பிறகு

எல்லாம் சரியாகச் செய்தும் கரு கலையலாம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதி அளவுக்கு, கரு உருவான நொடியிலேயே குரோமோசோம் (மரபுப் பொருளைச் சுமக்கும் இழை) எண்ணிக்கை பிசகியவை. அந்தப் பிழை அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நடந்திருக்கும். ஆனாலும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "அப்பவே சொன்னேன், வேலைக்குப் போகாதேன்னு." ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் பெண்ணை அந்த ஒரு வார்த்தை எத்தனை ஆண்டு துரத்தும் என்று சொல்பவருக்குத் தெரியாது. அடுத்த கர்ப்பத்தில் அவர் தன் வேலையை, தன் நடையை, தன் சாப்பாட்டை, எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். மாமியார்களும் அம்மாக்களும் இந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் பெரிய மருத்துவம். கணவன்மார்களும்தான்.

எதைக் கேட்கலாம்

மகப்பேறு விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் நிறுவனத்துக்கும் இது சட்டம், முதலாளியின் தயவு இல்லை. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்க முடியாது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தமும் அதே 2021-ல்தான் வந்தது.

நம் ஊர்ச் சின்னக் கடைகளில் இரண்டு பேர், மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள். 26 வாரச் சட்டம் அவர்களை எட்டாது. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக. அதற்கு 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்க வேண்டும். அந்த எண் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும். பதிவுக்குப் போகும்போது "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எத்தனை மணி நேரம், இரவு வேலை உண்டா, கடையில் கழிப்பறை இருக்கிறதா, குடிக்க என்ன தண்ணீர், கூரை தகரமா என்பதையும் நர்ஸிடம் சொல்லுங்கள்.